மோட்டரை நிறுத்தி எடுத்த படங்கள்

கலஹாவில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். எழுதிப் பழகாத கை இது. ஒன்றை எழுதும்போது இன்னொன்று மறந்துபோகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மோட்டரின் உறுமல் மட்டும் மறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு டவுனில் மஹய்யாவ வீட்டில் நானும் என் கொழுந்தனும்தான். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வளர்ப்பு மீன் கடையில் வேலை. முன் அறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதற்குள் கடலையே கொண்டுவந்து இறக்கியிருந்தார். திருகோணமலையிலிருந்து லொறியில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் வரும். உள்ளே விரல் விரலாக விரிந்து ஆடும் பவளம், வெள்ளைப் பட்டை போட்ட செம்மஞ்சள் மீன் இரண்டு. தண்ணீரை ஓடவைக்கும் மோட்டர் இரவு பகலாக உறுமிக்கொண்டிருக்கும். “இது கல்லு இல்ல மதினி, உசிரு. மோட்டர் நின்னா இதுகளுக்கு மூச்சு நின்ன மாதிரி” என்பார்.

ஈரல் நோயில் அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். தொட்டியைப் பார்த்தால்தான் சோறு இறங்கும் என்றார். கல்யாணமாகிப் போன மகள் வாங்கித் தந்த போனில் தினமும் படம் எடுத்துப்போய்க் காட்டுவது என் வேலையானது. அதற்கு முன் நான் படமே எடுத்ததில்லை. முதல் படத்தில் கண்ணாடியில் என் முகம்தான் விழுந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரரிடம் போனை நீட்டி, “எங்க மதினியும் தொட்டிக்குள்ள நீந்துறாங்க, பாருங்க” என்று சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அறை விளக்கை அணைத்து, போனைக் கண்ணாடிக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். அப்படி எடுத்தும் பவளம் ஆடி ஆடிக் கலங்கலாகத்தான் வந்தது.

“ரெண்டு நிமிசம் மோட்டர நிப்பாட்டிட்டு எடுங்க. எடுத்ததும் போட்டுருங்க, மறந்துறாதீங்க.”

“நான் என்ன சின்னப் புள்ளயா தம்பி?”

மறுநாள் காலையில் மோட்டரை நிறுத்தினேன். தண்ணீர் அசையாமல் நின்றது. மீன் இரண்டும் பவளத்துக்கிடையிலிருந்து என்னையே பார்த்தன. ஆசையில் நிறையப் படங்கள் எடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கஞ்சிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு ஒரு பழக்கம். அடுப்பு, விளக்கு எல்லாம் அணைந்ததா என்று பார்த்துத்தான் வெளியே போவோம். ஒரு லயக் காம்பராவில் பிடித்த நெருப்பு வரிசை முழுக்கப் போய்விடும். அன்றும் வாசலில் நின்று காது கொடுத்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நிம்மதியாகப் பூட்டினேன்.

படத்தைப் பார்த்தவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு, “எங்க கடையிலகூட யாரும் இப்படி எடுத்ததில்ல மதினி” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக மாலைவரை அவர் பக்கத்திலேயே இருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோதுதான் அந்த அமைதி நெஞ்சில் அறைந்தது. ஓடிப்போய் மோட்டரைப் போட்டேன். மீன் இரண்டும் செத்துச் சாய்ந்து கிடந்தன. பவளம் சுருங்கியிருந்தது, இரண்டு நாளில் தோல் உரிந்து வெள்ளையாகிவிட்டது.

அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நாள், முந்தின நாள் எடுத்ததிலேயே இன்னொரு படத்தைக் காட்டினேன்.

“இன்னைக்கு எடுத்ததா?”

“ஆமா தம்பி.”

மூன்றாம் நாளும் அப்படியே. போனைக் கையில் வைத்து, விரலால் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, “நீங்க சாப்பிட்டீங்களா மதினி?” என்று கேட்டார். அந்தக் கிழமை முடியுமுன்னே போய்ச் சேர்ந்துவிட்டார்.

படத்தை விரலால் தொட்டால், எடுத்த நாளும் நேரமும் மேலே வரும் என்று போன மாதம் மகள் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. அவருக்குத் தெரியும். அந்தக் காலத்துப் போனிலும் அப்படி வந்திருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். வந்திருக்கும் என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.