பானெட்டுக்கு அந்தப் பக்கம்

இது கதை இல்லை. நடந்தது. நம்பாதவர்கள் சங்ககிரிக்கு வரலாம், என் ஷெட்டில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். டீ வாங்கித் தருகிறேன். அந்தக் காரை மட்டும் காட்டச் சொல்லாதீர்கள்.

என் பெயர் மாதேஸ்வரன். வண்டி எலக்ட்ரீஷியன். இருபத்திரண்டு வருடமாக லாரிகளுக்கும் பழைய கார்களுக்கும் வயர் வேலை பார்க்கிறேன். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "முதல்ல பேட்டரியைப் பாருங்க" என்று கிண்டல் செய்வேன். இப்போது செய்வதில்லை.

போன மார்கழி. செவ்வாய்க்கிழமை. மாலை 6:40 மணிக்கு பச்சமுத்து அண்ணன் போன் செய்தார். ஊருக்கு வெளியே மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் வீடு கட்டிக் குடியிருப்பவர்.

"தம்பி, வண்டி கெளம்ப மாட்டீங்குது. செல்ஃப் சுத்துது, இஞ்சின் புடிக்கல. எட்டரைக்கு இவளைச் சேலத்துல சேர்க்கோணும். மூச்சு வாங்குது தம்பி."

அவர் மனைவி அன்புச்செல்விக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காகவே இரண்டு வாரத்துக்கு முன்னால் 97ஆம் வருட மாருதி 800 ஒன்றை வாங்கியிருந்தார். சனிக்கிழமையும் இதேபோல் வண்டி கிளம்பவில்லை, அன்றைய முறை தவறிவிட்டது. இன்றும் தவறினால் உடம்பில் சேர்ந்த நீர் நெஞ்சுக்கு ஏறிவிடும். பைக்கில் உட்கார அந்த அம்மாவால் முடியாது. வாடகைக் காரைக் கேட்டதற்கு, வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி 6:58. நன்றாக இருட்டிவிட்டது. எங்கோ ஜவ்வரிசி ஆலையிலிருந்து புளித்த வாடை வந்துகொண்டிருந்தது. பச்சமுத்து அண்ணன் சாவியை என் கையில் கொடுத்தார்.

"நான் அவளுக்குத் துணி மாத்தி உட்டுட்டு வாரேன். நீ பாரு தம்பி."

உள்ளே போய்விட்டார். நான் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் கணீரென்று சுற்றியது. பெட்ரோல் வாடையும் வந்தது. அப்படியானால் ஸ்பார்க் வரவில்லை. சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். இஞ்சினுக்குள் கைவிடும் முன் சாவியை எடுத்துவிடுவது என் பழக்கம். கூட வேலை பார்த்தவர் ஒருவருக்கு ஃபேனில் இரண்டு விரல் போனதை நேரில் பார்த்தவன் நான்.

பானெட்டைத் தூக்கி நிறுத்தினேன். மாருதியில் பானெட் நின்றால் முன்கண்ணாடி முழுக்க மறைந்துவிடும். ஓட்டுகிற சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

ஸ்பார்க் பார்ப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் சாவியில் இருக்க வேண்டும், இன்னொருவர் இஞ்சினில். "அடிங்க" என்றால் திருப்ப வேண்டும். "போதும்" என்றால் விட வேண்டும். நான் வயர்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"யாராச்சும் வந்து செல்ஃப் அடிங்க."

மணி 7:06. செல்போன் விளக்கை பேட்டரி மேல் சாய்த்து வைத்துக் குனிந்தேன்.

வண்டி லேசாக அமுங்கியது. கதவு சாத்தும் சத்தம்... டப்.

அப்பாடா, அண்ணன் வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அடிங்க."

செல்ஃப் சுற்றியது. வயர் நுனியில் பொறி இல்லை.

"போதும்."

நின்றது.

அடுத்து, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலில் டெஸ்ட் லேம்பைப் பிடித்தேன். இஞ்சின் சுற்றும்போது விளக்கு விட்டு விட்டு எரிய வேண்டும். "அடிங்க" என்றேன். விளக்கு அசையாமல் எரிந்தது. கோளாறு, ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் என்று தெரிந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. உள்ளே யாரோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஹ்ஹ்... ஹ்ஹ்... ஹ்ஹ்...

சாவியில் உட்கார்ந்திருப்பது அன்புச்செல்வி அக்கா! எனக்கு அண்ணன் மேல் கோபம் வந்தது. உடம்பு முடியாத பொம்பளையை உட்கார வைத்துவிட்டு இந்த மனுஷன் உள்ளே என்ன செய்கிறார்?

"அக்கா, நீங்க ஏனுங்க சிரமப்படறீங்க? அண்ணனை வரச் சொல்லுங்க."

ஸ்டியரிங்கில் விரலால் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. டக்... டக்... டக்... சீக்கிரம், சீக்கிரம் என்பது போல.

பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சந்து இருக்கும். அதன் வழியே பார்த்தேன். ஸ்டியரிங்கின் மேல் ஓர் இடது கை. வீங்கிப்போய், கறுத்துப்போய் இருந்தது. முழங்கைக்குக் கீழே துணியை இறுக்கிக் கட்டியிருந்தது. டயாலிசிஸ் ஊசி போட்ட இடம் என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது.

மணி 7:19. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் மெல்லிய வயரை விரலால் வளைத்தேன். மேலே பிளாஸ்டிக் நன்றாக இருந்தது, உள்ளே செம்பு அறுந்திருந்தது. பிடித்து அழுத்தினால் சேரும், விட்டால் பிரியும்.

இன்னும் "அடிங்க" என்று சொல்லவில்லை.

செல்ஃப் சுற்றியது.

கையை வெடுக்கென்று இழுத்தேன். "போதும்" என்றேன்.

நிற்கவில்லை.

"போதுமுங்க அக்கா..."

நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. மூச்சு வாங்கும் சத்தமும் கூடிக்கொண்டே போனது. இருபது விநாடி இருக்கும். பிறகு நின்றது.

வயரை வெட்டி, சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன். மணி 7:31.

"கடைசியா ஒருக்கா அடிங்க."

ஒரே சுற்று. இஞ்சின் பிடித்துக்கொண்டது.

உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு.

அதே நேரம் எனக்குப் பின்னால் வீட்டுக் கதவு திறந்தது. திரும்பினேன்.

பச்சமுத்து அண்ணன் மனைவியைத் தோளில் தாங்கி, படியில் ஒவ்வொரு அடியாக இறக்கிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவின் இரண்டு கையிலும் கட்டு எதுவும் இல்லை.

"கெளம்பிருச்சா தம்பி? நல்ல வேளை. யாரு செல்ஃப் அடிச்சுக் குடுத்தது?"

நான் பானெட்டை இறக்கினேன்.

சீட்டில் யாரும் இல்லை.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன்... அவசரத்தில் யாரிடமும் கொடுக்க மறந்த சாவி அங்கேயே இருந்தது.

"அண்ணா... இன்னொரு சாவி இருக்குதுங்களா?"

"ஒண்ணே ஒண்ணுதான். ஏன் தம்பி?"

அந்த அம்மாவுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. வேறு வண்டி இல்லை. அண்ணன் பின்னால் மனைவியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவரால் ஓட்ட முடியாது. ஓடிவிடலாமா என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிஜமாகவே நினைத்தேன். பிறகு அந்த அம்மாவின் மூச்சைக் கேட்டேன். கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

சீட் வியர்வையில் நனைந்திருந்தது.

ஓடுகிற வண்டியில் சாவியைச் செருகித் திருப்பினேன். இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். சேலம் வரை கண்ணாடியைப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டையும் பார்க்கவில்லை. தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

மருத்துவமனை வாசலில் மணி 8:24. சாவியைத் திருப்பி அணைத்தேன்.

அணையவில்லை.

சாவியை உருவினேன்.

அப்போதும் அணையவில்லை.

ஆட்கள் வந்து அன்புச்செல்வி அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாற்காலி கண்ணாடிக் கதவைத் தாண்டியது. கதவு மூடிக்கொண்டது.

8:27. இஞ்சின் தானாக நின்றது.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். நான் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். நான்காம் நாள், வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பழைய முகவரியைத் தேடிப் போனேன். சூரமங்கலத்தில் சவரிராயன் என்பவர் வீடு. ரயில்வேயில் வேலை பார்ப்பவர். வண்டி நம்பரைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

அவர் மனைவி செல்வமேரி. போன வருடம் அவர்கள் கொஞ்ச நாள் ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் இருந்தார்களாம். அங்கே ஒரு சாயங்காலம், இவர் ட்யூட்டிக்குப் போயிருந்த நேரம், விறகு எடுக்கப் போன அந்த அம்மாவின் இடது கையில் விரியன் கடித்துவிட்டது. போன் உடைந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. அக்கம்பக்கம் வீடும் இல்லை. அந்த அம்மா கார் ஓட்டத் தெரிந்தவர். முந்தானையைக் கிழித்துக் கையில் கட்டிக்கொண்டு, வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டிருக்கிறார்.

வண்டி கிளம்பவில்லை.

விடியற்காலை இவர் வந்து பார்த்தபோது பேட்டரி செத்துக் கிடந்தது. அந்த அம்மாவின் உடல் சீட்டிலேயே இருந்தது.

"அப்புறம் மெக்கானிக்கைக் கூட்டியாந்து புது பேட்டரி போட்டுப் பார்த்தோம். ஒரே அடியில கெளம்புச்சுங்க. கோளாறே இல்லைன்னாரு. வித்துட்டேன்" என்றார் சவரிராயன்.

அந்த வயர் அப்படித்தான். சில சமயம் சேரும், சில சமயம் பிரியும். முன்னால் நின்று அதைப் பிடித்துக்கொள்ள அன்று இன்னும் ஓர் ஆள் இருந்திருந்தால் போதும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. எழுந்து கிளம்பினேன். வாசலில் நிறுத்தினார்.

"நீங்க வண்டி வேலை பார்க்கறவரு. ஒண்ணு கேட்கட்டுங்களா? அவ கையை யாராலயும் பிரிக்க முடியலைங்க. சாவியோடவேதான் கல்லறையில வெச்சோம். புது சாவி செஞ்சுதான் வண்டியை வித்தேன். பழைய சாவியும் அந்த வண்டிக்கு இன்னும் சேருங்களா?"