மிலிட்டரி வூட்டுப் படம்

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர் வரிசையில் கரும்புக்காரர் பாவாடைக்குத் தனி மரியாதை. "மிலிட்டரி வூட்டுக்காரரு வராரு, வழி வுடுங்கப்பா" என்பார்கள். ஐம்பத்திரண்டு வயதாகியும் அவர் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த மைதானத்தைக் கூடப் பார்த்ததில்லை. நடுவீட்டில் மாட்டியிருந்த தாத்தா ராமசாமியின் படம்தான் அந்த மரியாதைக்கு மூலதனம். தோளில் சரிகைக் குஞ்சம், இடுப்பில் அகலமான பெல்ட், நெற்றியை மறைத்த தொப்பி. பர்மாவில் சண்டை போட்டவர் என்று அப்பா சொல்லிவைத்தார். பாவாடை தன் பங்குக்கு அந்தக் கதையில் இரண்டு யானைகளைச் சேர்த்துக்கொண்டார். சுதந்திர தினத்தன்று தெருவில் கொடி ஏற்றும் உரிமையும் அந்தப் படம் வாங்கித் தந்ததுதான். அந்த ஒரு காலைக்காகத்தான் அவர் வருஷம் முழுக்கக் காத்திருப்பார்.

இந்த வருஷம் ஹவில்தார் அரங்கநாதன் பென்ஷனோடு ஊர் திரும்பினார். டீக்கடையில் உட்கார்ந்தால் பனிமலை, பீரங்கி என்று வெடித்துத் தள்ளுகிறவர். "நெஜப் பட்டாளத்துக்காரரு இருக்கும்போது பேரனுக்கு இன்னாத்துக்குக் கொடி?" என்று தெருவில் பேச்சு கிளம்பியது. கொடி ஏற்றுவதற்கு முதல் நாள் சாயங்காலம், படம் எந்த ரெஜிமெண்ட் என்று பார்த்துச் சொல்வதற்கு ஹவில்தாரே வந்துவிட்டார்.

"தொப்பி பேட்ஜு தெரியலியே?"

எப்படித் தெரியும்? வெள்ளிதோறும் மனைவி குஞ்சம்மாள் படத்துக்குப் பொட்டு வைப்பாள். நெற்றி கிடைக்காததால் அது முப்பது வருஷமாகத் தொப்பி மேலேயே விழுந்து கெட்டித்துப் போயிருந்தது. அவள் காபி போடப் போன நேரமாகப் பார்த்து, பாவாடை ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தார்.

குங்குமம் போன இடத்தில் சின்னதாக ஒரு யாழ்.

ஹவில்தார் அதைப் பார்த்தார், தோள் குஞ்சத்தையும் பார்த்தார். "யோவ், பட்டாளத்து பேட்ஜுன்னா ரெஜிமெண்ட் பேரு இருக்கும். இது வெறும் யாழு, பேண்டுக்காரங்க அடையாளம். உங்க தாத்தா கல்யாண ஊர்வலத்துல பேண்டு வாசிச்சவருய்யா."

பாவாடையின் முகம் செத்துவிட்டது. தாத்தா மேல் கோபமில்லை. நாளைக் காலைக் கொடிக்கயிற்றை நினைத்துத்தான் அழுகை முட்டியது. ஆனால் ஆலை எடைமேடையில் முள் அசைவதைப் பார்த்தே பழகிய கண். ஏதோ இடித்தது.

"இன்னாங்க, மூணு தலைமொறையா எங்களுக்குத் தெரியாதத கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள சொல்லிட்டீங்க? பீரங்கிக்காரருக்கு இந்த யாழு எப்பிடிங்க தெரியும்?"

ஹவில்தார் வாசலைப் பார்த்தார், அடுக்களையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"பதினேழு வருஷம் என் சட்டைக் கையிலயும் இதான்யா இருந்துச்சு. பட்டாளத்து பேண்டுல டிரம் அடிச்சிக்கினு இருந்தேன். டீக்கடையில சொல்லிடாத."

குஞ்சம்மாள் காபியோடு வந்தாள். "பாத்தீங்களாண்ணா? எந்த ரெஜிமெண்ட்டுங்க?"

ஹவில்தார் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, படத்தைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். ஊருக்கு வந்த நாளாக அவர் செய்த காரியங்களில் பொய் கலக்காதது அது ஒன்றுதான்.

"நம்ம ரெஜிமெண்ட்டுதாம்மா. கொடிய பாவாடையே ஏத்தட்டும்."