இப்ப வெட்டின வல்லாரை

பதுளைச் சந்தையில் கீரை விற்கும் இப்றாஹீம் நானாவின் வாயில் எப்போதும் ஒரே பேச்சுதான்: "இப்ப வெட்டினது." முந்தாநாள் வெட்டிய வல்லாரையையும் அப்படித்தான் விற்பார். வாடிய கட்டுகளை ராத்திரி தண்ணீர் வாளியில் நிறுத்திவிட்டுப் போவார். விடிந்தால் இலையெல்லாம் விறைப்பாக நிற்கும். "நம்ம கைராசி" என்று பீற்றிக்கொள்வார்.

ராசியாவது மண்ணாவது! இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பைகள். படித்தவர்கள் கலம் என்பார்கள். அந்தப் பைகளின் மென்சவ்வு தண்ணீரைத் தாராளமாக விடும், உப்பை லேசில் விடாது. உப்பும் இனிப்பும் எந்தப் பக்கம் கூடவோ, அந்தப் பக்கம் தண்ணீர் போகும். வாளியில் இருப்பது வெறும் தண்ணீர்; உப்பும் இனிப்பும் இலைக்குள்தான் கூட. அது இலைக்குள் புகுந்து பைகளை நிரப்பும், நானா பெயர் வாங்குவார்.

எல்ல என்ற ஊரில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறைகளை வாடகைக்கு விடும் ஜெயந்தினி ஒருநாள் வந்தாள். தினமும் வல்லாரை வேண்டுமாம். "நாளைக்கு வந்து பாக்குறேன். வாடலா இருந்தாலோ நத்தை இருந்தாலோ வேற கடைதான், நானா."

இப்படியொரு வாடிக்கை அவருக்கு வாய்த்ததே இல்லை. இதிலாவது ஏமாற்றக்கூடாது என்று மனம் திருந்தி, விடியற்காலையில் ஹாலிஎலக் கீரைத் தோட்டத்துக்கே போய், கண் முன்னால் வெட்டவைத்துக் கொண்டுவந்தார். நத்தைக்குப் பயந்து, வீட்டுப் பெண்கள் செய்வதைப்போல உப்புத் தண்ணீரில் போட்டார். அவர்கள் போடுவது ஒரு சிட்டிகை. இவர் கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போய்க் கதையில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்தால் நத்தை ஒன்றுகூட இல்லை. இலையில் உயிரும் இல்லை. உப்பு வெளியே கூடிவிட்டதால் உள்ளே இருந்த தண்ணீர் முழுக்க வாளிக்கு வந்துவிட்டது. கட்டுகள் ஈரத்துணியாகத் தொங்கின.

அந்நேரம் பார்த்து ஜெயந்தினி வந்து நின்றாள்.

"இப்ப வெட்டினது தங்கச்சி! அல்லா மேல ஆணையா!"

"எந்த வருசம்?"

சந்தையே சிரித்தது. நானாவுக்கு மானம் போனது. அவள் பார்வை பக்கத்து வாளிக்குப் போனது. அங்கே ராத்திரி நானா தண்ணீரில் நிறுத்திய முந்தாநாள் கட்டுகள் மாப்பிள்ளைபோல நிமிர்ந்து நின்றன.

"இதுதானே இப்ப வெட்டினது?"

"இல்ல தங்கச்சி, அது முந்தாநாளையது. சத்தியமா!" என்றார் நானா பரிதாபமாக.

"நல்லதை ஒளிச்சு வச்சிட்டு, குப்பையை என் தலையில கட்டப் பாத்தீங்களே!" என்று அத்தனை கட்டையும் அவளே அள்ளினாள். "நாளையில இருந்து எனக்கு இதே மாதிரிதான் வேணும். இன்னொரு தடவை பொய் சொன்னீங்க, அவ்வளவுதான்!"