படத்தில் இருந்த பனைமரம்

அடையாற்றங்கரையில் குடிசைகள் எரிந்த அன்று எங்கள் போட்டோகிராபர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். தி. நகரில் ஒரு தினசரிப் பத்திரிகையின் பிளாக் பிரிவில் அப்போது எனக்கு வேலை. எட்டாவதோடு பள்ளியை விட்டு, லாரி, ஓட்டல், சினிமா செட் என்று சுற்றிவிட்டு ஒட்டிய இடம். துத்தநாகத் தகட்டில் படத்தை ஆசிட்டால் அரித்து எடுப்பதுதான் பிளாக். அச்சான பிறகும் எறிய மாட்டோம். தலைவர்கள், வெள்ளம், தீ என்று பிரித்து அலமாரியில் வைத்திருப்போம்.

நியூஸ் எடிட்டர் வந்தார். "பழைய தீ பிளாக் ஒண்ணு எடுத்துக் குடுங்கய்யா" என்று ஃபோர்மேனிடம் சொன்னார். அவர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"சார், அது வேற ஊரு. பனைமரம் ரெண்டு நிக்குது. நம்ம ஆத்தங்கரையில பனையே கிடையாது" என்றேன்.

"நெருப்புக்கு ஏதுடா ஊரு? போய் வேலையப் பாரு."

படம் வந்தது. நிவாரண அதிகாரி அந்தப் பேப்பரோடு கரைக்கு வந்தார். நான் தினமும் ஆப்பம் வாங்கித் தின்னும் அஞ்சலையின் குடிசை இருந்த இடத்தில் சாம்பல் இன்னும் சுட்டது. அவர் சாம்பலைப் பார்க்கவில்லை, பேப்பரைப் பார்த்தார்.

"இது அந்த இடம் இல்லையே. பனைமரம் எங்க? நீங்களா எதையோ கொளுத்திட்டு அரிசிக்கும் கீத்துக்கும் வந்து நிக்கிறீங்களா?"

"இன்னா சார் பேசற? சாம்பல் மேல நின்னுகினு எரியலன்ற!" என்று அஞ்சலை கத்தினாள்.

கூட்டத்தோடு நின்றிருந்த நான், அது பழைய பிளாக் என்றேன். "பேப்பர்காரன் பொய் சொல்லுவான், நீ நிஜம் சொல்லுவியா?" என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். திருத்தம் போடச் சொல்லி நியூஸ் எடிட்டரிடம் போய் நின்றேன். "தப்புன்னு நாமளே போட்டா எவன் பேப்பர் வாங்குவான்?" என்றார்.

அஞ்சலை அழவில்லை. ஆட்களைத் திரட்டிக்கொண்டு திருவான்மியூர் பக்கம் போனாள். ஓலைக் கொண்டையோடு வெட்டிப் போட்டிருந்த இரண்டு இளம்பனைகளை ஆளுக்கொரு தோள் கொடுத்துச் சுமந்து வந்து, சாம்பலுக்கு நடுவே குழி தோண்டி நட்டார்கள்.

அதிகாரியை மறுபடி கூட்டி வந்தோம். பேப்பரைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"ம், இதுதான். அன்னைக்கு ஏன் மரம் தெரியல?"

"பொகை சார், பொகை" என்றாள் அஞ்சலை.

அரிசியும் கீற்றும் வந்தன. எடிட்டர் என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தியா? பனைமரம் இருக்குன்னு ஆபீசரே எழுதிட்டாரு. இல்லவே இல்லைன்னியே!"

மரத்தைப் பிடுங்கி அவர் மேஜையில் போட வேண்டும் போலிருந்தது. வேலையைத்தான் போட்டுவிட்டு வந்தேன்.

பத்திரிகை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பொய்ப் படம் பொய்யைச் சொல்லிவிட்டுச் சும்மா போகாது. வீடு எரிந்தவள் தோளில் மரத்தை ஏற்றிவிட்டுத்தான் போகும்.