மாடத்தி குளிக்கப் போனாள்

சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள் மாடத்தி. அவளை நம்பாத பெண் அந்தக் கம்பெனியில் கிடையாது. புருஷனை நம்பாதவள்கூட மாடத்தியை நம்புவாள். தீபாவளி லோடெல்லாம் போய்ச் சேர்ந்து, கம்பெனியைப் பூட்டியதும் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேன் பிடித்து டூர் போவார்கள். கடலிலோ அருவியிலோ இறங்குமுன் கம்மல், மூக்குத்தி, சங்கிலி என்று கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து மாடத்தியிடம் நீட்டுவார்கள். அவள் எல்லாவற்றையும் ஒரே துண்டில் சேர்த்துக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பாள்.

"மாடத்திட்ட குடுத்தா பேங்குல போட்ட மாதிரி" என்பாள் பத்திரகாளி. வேன் பேசுவதிலிருந்து யார் எந்த சீட்டில் உட்கார வேண்டும் என்பதுவரை டூருக்கு அவள்தான் தலைவி. பாராட்டு என்னவோ பாராட்டுதான். ஆனால் பேங்கை யாரும் கையைப் பிடித்துக் குளிக்கக் கூட்டிப் போவதில்லை. குற்றாலத்துக்குப் போய்விட்டுத் தலை நனையாமல் திரும்பி வந்த மனுஷி இந்தச் சீமையிலேயே மாடத்தி ஒருத்தியாகத்தான் இருப்பாள். திருச்செந்தூரிலும் அப்படித்தான். கடலைப் பார்த்திருக்கிறாள், கால் நனைத்ததில்லை.

அவளுக்குக் குளிப்பாட்டப் பிள்ளை கிடையாது, அதனால் நகை பார்க்கிற வேலை தானாக அவளிடம் வந்து சேர்ந்தது. அப்பா போன பிறகு இரண்டு தங்கச்சிகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது நாற்பது வயது ஆகியிருந்தது. இரண்டாம் தாரமாகக் கேட்டு வந்த ஒருவனை வாசலோடு அனுப்பிவைத்தாள். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை. வருத்தமெல்லாம் சீசன் முடிந்து கம்பெனி பூட்டிக் கிடக்கிற நாட்களைப் பற்றித்தான். பொழுது விடிந்து அடைகிறவரை வாயைத் திறந்து பேச ஆள் இருக்காது. வேலைக்குக் கூட்டிப் போகக் கம்பெனி வேன் வராத காலையில் எதற்கு எழுந்திரிக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. டூர் என்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுப்பது அதனால்தான்.

சுனாமி வந்துபோன இரண்டாவது வருஷம், நாகர்கோவில் பக்கம் போவதென்று முடிவானது. கடல் என்றதும் சிலர் பயந்தார்கள். "எல்லாரும் கையக் கோத்துக்கிட்டு எறங்குவோம். பிடிய விடாம இருந்தா ஒண்ணும் ஆவாது" என்றாள் பத்திரகாளி. அதைக் கேட்டதிலிருந்து மாடத்திக்கு ஒரே நினைப்பு. இந்தத் தடவை தானும் இறங்கிவிட வேண்டும். இரண்டு பக்கமும் யாராவது கையைப் பிடித்திருக்க, ஒரு அலையாவது வாங்கிவிட வேண்டும். முதல் தடவையாக மாற்றுச் சேலை ஒன்றை மடித்துப் பையில் வைத்தாள்.

வேனில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்தார்கள். மாடத்திக்குக் கடைசி சீட்டு, பக்கத்தில் புளியோதரை அண்டா. ஆரல்வாய்மொழி தாண்டியதும் காற்றே வேறாக இருந்தது. வேலிக்காத்தான் முள்ளையே பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை நம்பும்படி இல்லை. ரோட்டை ஒட்டி வயல், வயலை ஒட்டி வாழை, அதற்கப்புறம் தாமரை பூத்த குளம். ஒரு குளத்துத் தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது. "அங்கன பாரேன்!" என்று திரும்பினாள். அண்டாதான் இருந்தது. அதன் மூடியை அழுத்தி மூடிவிட்டு மறுபடியும் வெளியே பார்த்தாள்.

சொத்தவிளைக் கடற்கரையில் வேன் நின்றது. டிரைவர் கருப்பணன், "சீக்கிரம் வந்துருங்க, அருவிக்கு வேற போவணும்" என்று சொல்லிவிட்டு நிழலில் படுத்துக்கொண்டார். பெண்கள் நகையைக் கழற்றத் தொடங்கினார்கள்.

"இந்த வருசம் நானும் குளிக்கேன்" என்றாள் மாடத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு இல்லை. ஆட்டுரல் எழுந்து நடக்கப்போகிறேன் என்று சொன்னால் வருமே, அந்தச் சிரிப்பு.

"நீ குளிச்சா நகைய ஆருட்டி பாக்கது?" என்றாள் பத்திரகாளி.

"ஆளுக்குக் கொஞ்ச நேரம் பாருங்க."

"அதுக்கென்ன, நாங்க ஒரு முங்கு முங்கிட்டு வந்துர்றோம். அப்புறம் நீ எம்புட்டு நேரம்னாலும் கெட."

கையைக் கோத்துக்கொண்டு கூச்சல் போட்டபடி இறங்கினார்கள். மாடத்தி துண்டு மூட்டையோடு மணலில் உட்கார்ந்தாள். ஒரு முங்கு என்று போனவர்கள் ஏறி வருகிற வழியைக் காணோம். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த புதுப்பெண் இசைவாணி மட்டும் கரைக்கு ஓடி வந்தாள். மாடத்தி மாற்றுச் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அக்கா, தண்ணி வச்சிருக்கீகளா? வாயெல்லாம் உப்பு" என்று வாங்கிக் குடித்துவிட்டு அந்தப் பெண் மறுபடி கடலுக்கு ஓடிவிட்டது.

வெயில் ஏறியது. கருப்பணன் ஹாரன் அடித்தார். தண்ணீருக்குள்ளிருந்தே பத்திரகாளி கத்தினாள்: "மாடத்தி, பையெல்லாம் எடுத்து வையி! வந்துட்டோம்!"

தன் முறை வரப்போவதில்லை என்று மாடத்திக்கு அப்போது புரிந்தது. கோபம் வந்தது. சண்டை போடத் தோன்றவில்லை. எழுந்து கடலைப் பார்த்து நடந்தாள். அடுத்தவள் நகையை மணலில் போட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. மூட்டையை மடியில் இறுகக் கட்டிக்கொண்டு, கூடவே கொண்டுபோனாள்.

காலடியில் மணல் நழுவியது. பயமாக இருந்தது. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. முழங்காலுக்குத் தண்ணீர் வந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

இசைவாணிதான் பார்த்தாள். "அக்கா, எங்கன போறீக? ஐயோ, மடியில நகை!"

அவ்வளவுதான். கடல் முழுக்க அவள் பெயராகக் கேட்டது. "மாடத்தி! ஏட்டி மாடத்தி!" தண்ணீரைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். பத்திரகாளி ஒரு கையைப் பிடித்தாள். இசைவாணி மறு கையைப் பிடித்தாள். பின்னாலிருந்து யாரோ இடுப்போடு கட்டிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பெரிய அலை ஒன்று வந்து எல்லோரையும் சேர்த்துத் தூக்கி இறக்கியது. மாடத்தியின் மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் ஏறியது.

"கிறுக்கி! அம்புட்டும் கடலோட போயிருக்குமேட்டி! வா கரைக்கு!" பத்திரகாளியின் இன்னொரு கை மூட்டையைத் தடவிப் பார்த்தது.

அவர்கள் பிடித்திருப்பது தன்னை அல்ல என்று மாடத்திக்குத் தெரியாமல் இல்லை. மடி வெறுமையாக இருந்திருந்தால் ஒருத்திகூடத் திரும்பியிருக்க மாட்டாள். அதை நினைக்க வலித்தது. இருந்தாலும் கை கைதான். இத்தனை பேர் கை அவள்மேல் எப்போது பட்டது?

"வாட்டி" என்று இழுத்தார்கள். மாடத்தி காலை ஊன்றி நின்றாள். தூரத்தில் அடுத்த அலை எழும்பி வந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஒண்ணு" என்றாள்.

விட்டால் நகை போய்விடும் என்று யாரும் பிடியை விடவில்லை. மாடத்தியும் விடவில்லை.