கலர் மாஸ்டரும் வளர்ச்சி ஊசியும்

"வெயில்ல வெச்சிப் பாக்காத. வெயில்ல எல்லா கலரும் நல்லாத்தான் இருக்கும்" என்று மனைவி சவுரியம்மாளிடமிருந்து கண்ணாடிக் குழாயை வாங்கி, வடக்கு ஜன்னலுக்கு எடுத்துப் போகிறார் தேவசகாயம். குழாயில் கொஞ்சம் நீலக் கரைசல். அதில் மகள் லில்லியின் சிறுநீர் எட்டுச் சொட்டு. ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி ஆறவைத்தாயிற்று. நீலம் மாறாமல் இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் ஜாஸ்தி. சர்க்கரை வியாதிக்காரர்கள் பலர் வீட்டிலேயே செய்துகொள்கிற சோதனைதான் இது. ஆனால் பதினெட்டு வயது லில்லிக்கு சர்க்கரை வியாதி கிடையாது. இனி இந்தச் சோதனை வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியே இரண்டு வருஷம் ஆகிறது.

தேவசகாயம் பேரணாம்பட்டில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் கலர் மாஸ்டர். ஜெர்மனியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் துண்டு வரும். அதே நிறத்தில் இரண்டாயிரம் ஆட்டுத்தோலுக்குச் சாயமேற்றித் தர வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம் என்று ஆட்டம் காட்டுகிற சரக்கு அது. இருபத்தாறு வருஷமாக அதோடு மல்லுக்கட்டியதில் அவருடைய நகக்கண்களில் எப்போதும் ஏதாவது ஒரு சாயம் ஒட்டியிருக்கும். இந்த வாரம் எந்த நாட்டு ஆர்டர் என்பதை அந்த நகங்களைப் பார்த்தே சவுரியம்மாள் சொல்லிவிடுவார். கான்வென்ட் பள்ளியில் டீச்சர். கணவரையும் அவ்வப்போது பெஞ்சுமேல் ஏற்றத் தயங்காதவர்.

லில்லி பத்து வயதில் ஐந்து வயதுக் குழந்தையின் உயரம்தான் இருந்தாள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பி, வளர்ச்சிக்கு வேண்டியதைச் சுரக்கவில்லை என்று வேலூர் டாக்டரம்மா கண்டுபிடித்தார். அவரே யார் யாருக்கோ எழுதிப்போட்டு, வெளிநாட்டு அன்பர்கள் மூலம் மருந்துக்கும் வழி செய்தார். 1980இல் தொடங்கி வாரத்துக்கு மூன்று ஊசி. வேலூரிலிருந்து பிளாஸ்கில் ஐஸ் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்து மருந்தைக் கொண்டுவருவார் தேவசகாயம். அது டேனரி சாம்பிள் ரூம் ஃபிரிட்ஜில், மேனேஜருடைய சோடா பாட்டில்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கும்.

இறந்தவர்களின் சுரப்பியிலிருந்து எடுக்கிற மருந்து என்று தெரிந்தபோது அவர் முகம் சுளிக்கவில்லை. செத்த ஆட்டின் தோலில் சோறு சாப்பிடுகிறவன் எதற்கு முகம் சுளிக்க வேண்டும் என்று நினைத்தார். முகம் தெரியாத அந்த ஆத்துமாக்களுக்காக சவுரியம்மாள் மட்டும் ஊசி போடும் நாளெல்லாம் ஒரு பரலோக மந்திரம் சொல்லிவந்தார்.

தேவசகாயத்தின் கவலை வேறு. "தோல் ஊற வெக்கிற டிரம்முல எந்த கெமிக்கல் போட்டாலும் நாம கேட்ட வேலய மட்டும் செஞ்சிட்டு சும்மா இருக்காதும்மா. பக்கத்துல இன்னொரு வேலயும் பாக்கும். இது இன்னா பாக்கும்?" என்று முதல் நாளே டாக்டரம்மாவைக் கேட்டார். கேள்வி பிடித்துப்போய் அவரும் ஒளிக்காமல் சொன்னார். சர்க்கரை ஏறலாம். தலைவலியோடு பார்வை மங்கலாம். இடுப்பெலும்பு நழுவிப் பிள்ளை விந்தி நடக்கலாம். மருந்து அளவு மீறினால் கை, கால், தாடை மட்டும் தடித்து வளரலாம். அன்றிலிருந்து மாதாமாதம் லில்லியைப் பழுப்புத் தாளில் நிற்க வைத்துப் பாதத்தை வரைந்தார். காலையில் ஓர் உயரமும் சாயங்காலம் ஓர் உயரமும் காட்டுகிறாள் என்று கண்டுபிடித்து, மனுஷனும் தோல் மாதிரிதான் சுருங்கி நீள்கிறான் என்று வேலூருக்கே போய்ச் சொன்னார். எல்லாருக்கும் அப்படித்தான் என்று சிரித்தார் டாக்டரம்மா.

ஒருமுறை குழாய் செங்கல் நிறம் காட்டியது. மனிதர் ஆடிப்போய்விட்டார். அவராகவே ஊசியை நிறுத்தி, பத்து நாள் லில்லிக்குச் சோறுகூட அளந்து போட்டு, பிறகு பொறுக்காமல் வேலூருக்கு அழைத்துப் போனார். அங்கே பார்த்தால் சர்க்கரையின் சுவடே இல்லை. வீட்டுக் குழாய் உடைந்துபோனதால் டேனரி லேபிலிருந்து ஒன்றை எடுத்துவந்திருந்தார். தோல் பதனிடும் குரோம் கரைசலைத் தயாரிக்க டேனரியில் குளுக்கோஸ் சேர்ப்பார்கள். அந்தக் குழாயில் காய்ந்து கிடந்தது அந்தக் குளுக்கோஸ். சவுரியம்மாள் ஒரு வாரம் இதையே சொல்லிச் சிரித்தார். பத்து நாள் ஊசி தவறிப்போனதே என்று தேவசகாயம் அப்போது ரொம்ப நாள் நொந்துகொண்டார்.

1985இல் டாக்டரம்மா கடிதம் போட்டு வரச் சொன்னார். வெளிநாட்டில் இதே வகை மருந்து போட்டுக்கொண்ட சில இளைஞர்கள், பல வருஷம் கழித்து மூளை நோய் வந்து இறந்திருக்கிறார்கள். முதலில் நடை தள்ளாடும், கை நடுங்கும், பிறகு நினைவு போகும். மருந்து எடுத்த சுரப்பிகளில் அந்த நோய் இருந்த ஒருவருடையது கலந்திருந்தாலும் போதும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தேவசகாயத்துக்குப் புரிந்துவிட்டது. ஒரு கெட்ட தோல் விழுந்தால் டிரம் மொத்தமும் பாழாவதை அவர் பார்த்திருக்கிறார்.

"இதுக்கு எந்தக் கலர் பாக்கணும்மா?" என்று கேட்டார்.

"இதுக்குச் சோதனையே இல்ல தேவசகாயம். பெரும்பாலும் ஒண்ணும் வராது. ஆனா வராதுன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. இப்போதைக்கு ஊசிய நிறுத்திடுவோம்."

லில்லி அப்போது நாலடி ஆறு அங்குலம். மருந்து வரத்து நின்றுவிட்டது என்று மகளிடம் சொல்லிவிட்டார் தேவசகாயம். ஐந்து வருஷம் ஒவ்வொரு ஊசிக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். சோதிக்க முடியாததைச் சோதிக்க வழியில்லாமல், சோதிக்க முடிந்த சர்க்கரையை ஞாயிறுதோறும் சோதித்துக்கொண்டிருக்கிறார். லில்லி எதையாவது மறந்து வைத்தால் போதும், அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. சவுரியம்மாளுக்குக் கோபம் வந்துவிடும். பதினெட்டு வயதில் எந்தப் பெண் குடையை மறக்காமல் வருகிறாள் என்பார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் டீ கொண்டுவருவது லில்லியின் வேலை. டபரா இல்லாமல், டம்ளரில் விளிம்புவரை ஊற்றச் சொல்வார் தேவசகாயம். செய்தித்தாளை விரித்துப் பிடித்திருப்பார். கண் மட்டும் தாளுக்கு மேலே, சமையலறையிலிருந்து வருகிற இரண்டு கைகளின்மேல் இருக்கும். அரை டம்ளர் போதும் என்று டேனரியில் சொல்கிற மனிதர் இவர்.

போன ஞாயிறு அவசரத்தில் சவுரியம்மாள் முக்கால் டம்ளர்தான் ஊற்றிக் கொடுத்தார். பாதி வழி வந்த லில்லி நின்று, திரும்பிப் போய், தானே விளிம்புவரை ஊற்றிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

"சிந்தலப்பா" என்றாள். அவர் தாளைத் தாழ்த்தினார்.

"ஊசிய எதுக்கு நிறுத்துனாங்கன்னு போன வருசமே டாக்டரம்மாவக் கேட்டுட்டேன். நீ ஒண்டியா பயந்துகினு இருக்காத. பாக்கணும்னா நேராவே பாரு."

பத்து விரல்களையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். தேவசகாயம் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இரண்டு கைகளையும் இழுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.