முந்நூறு திருத்தச் சீட்டுகள்

என் அக்கா பல்கலைக்கழகச் சட்டத் துறையில் பதினோரு வருடமாகத் தட்டச்சர். முப்பத்தாறு வயதில் அங்கேயே காலை வகுப்பில் சேர்ந்தாள். எட்டு மணிக்கு எந்தப் பேராசிரியரிடம் அரசியலமைப்புச் சட்டம் படித்தாளோ, பத்து மணிக்கு அவருக்கே தட்டச்சு செய்தாள்.

அவர் வெளிநாட்டில் படித்தவர். கூட்டாட்சி பற்றி எழுதும்போது அவர் கை தானாக அந்த நாட்டுச் சட்டத்துக்குப் போய்விடும். அடிக்கும்போதே அக்கா சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவாள். அச்சுப்படியை அவர் படிப்பதே இல்லை என்பதால் அது அவருக்குத் தெரியாது.

ஒருநாள் வகுப்பில், மத்திய, மாநில, பொதுப் பட்டியல் எதிலும் இல்லாத புது விஷயம் வந்தால் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலங்களுக்கே என்றார். அக்கா எழுந்தாள்.

“சார், அது நீங்க படிச்ச நாட்டுல. இங்க சென்ட்ரலுக்குத்தான்.”

“டைப்பிஸ்ட் அக்கா சாருக்கே கிளாஸ் எடுக்கறாங்கடா!” என்றான் பின்வரிசைக்காரன். வகுப்பு சிரித்தது. அவர் முகம் கறுத்தது.

அவர் கையிலிருந்த இருபத்தைந்து உள்மதிப்பெண்ணில் அக்காவுக்கு நான்கு போட்டார். அந்தத் தாளில் தோற்றாள், பட்டம் நின்றது. கேட்கப் போனவளிடம், “எழுதினதை எழுதினபடி அடிம்மா. உன் மூளைக்கு இங்க யாரும் சம்பளம் குடுக்கல” என்றார்.

அக்கா அழவில்லை. “இனிமே அப்படியே அடிக்கிறேன்டி” என்றாள்.

அப்போது அவர் கூட்டாட்சி பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். கையால் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் போட்டு அனுப்புவார். அக்கா ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை. நாற்பத்தொரு பிழை. எண்ணி வைத்திருந்தாள். கையெழுத்துப் பக்கங்களை இழுப்பறையில் பூட்டினாள்.

வெளியீட்டு விழாவில் ஓய்வுபெற்ற நீதிபதி புத்தகத்தைப் பிரித்து, “இது எந்த நாட்டு அரசியலமைப்பு, புரொபசர்?” என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

மறுநாள் பேராசிரியர் அக்காவின் மேஜைக்கே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“டைப்பிங்ல வந்த தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. மார்க்கை நான் பாத்துக்கறேன். இந்த வருஷமே டிகிரி வாங்கிடலாம்.”

“தப்பு எல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும் சார்.”

“தெரியுமா? அப்புறம் ஏன் சொல்லல?”

“பதினோரு வருஷமா சொல்லாமத்தான் திருத்தினேன். இந்தத் தடவை சொல்லாமலே விட்டுட்டேன்.”

அன்றே பூட்டி வைத்திருந்த கையெழுத்துப் பக்கங்களைத் துறைத் தலைவியிடம் கொண்டுபோய் வைத்தாள். பேராசிரியர் நடத்தும் பாடத்துக்கு இனி வேறொருவர் மதிப்பெண் போடுவார் என்று முடிவானது. ஆனால் அந்தத் தேர்வை அக்கா அடுத்த வருடம்தான் மறுபடி எழுத முடியும்.

“ஒரு வரி எழுதிக் குடுத்திருக்கலாம்ல? ஒரு வருஷம் போச்சே” என்றேன்.

“போகட்டும். அவரு எங்கிட்ட வந்து கெஞ்சினாருடி. அதுக்கு ரெண்டு வருஷம்கூடக் குடுப்பேன்.”

‘நூலாசிரியரின் பிழைகள்’ என்ற தலைப்பில் திருத்தச் சீட்டு அச்சாகி வந்தது. முந்நூறு பிரதிகளிலும் ஒட்ட வேண்டும். உதவிக்கு வந்த பியூனை அக்கா திருப்பி அனுப்பிவிட்டாள். முதல் பக்கத்தில், அவர் பெயருக்கு நேர் கீழே, துளியும் கோணாமல், ஒவ்வொன்றாக அவளே ஒட்டினாள்.